பத்துமலை எழுந்திருக்காத நாள்

பத்துமலைக்குத் திமிர் என்று ஈப்போ ஓரத்துச் சிலிபினில் சொல்லாத வாய் கிடையாது. துரை வந்தாலும் எழமாட்டான், கணக்கெழுதும் கிராணி வந்தாலும் எழமாட்டான், அம்மன் தேர் வந்தால்கூட யோசித்துத்தான் எழுவான் என்பார்கள். சொல்லட்டும். சொல்கிறவன் எவனும் அவனைப்போல ரோத்தான் பிரம்பால் அடி வாங்கி எழக் கற்றவன் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து வாக்கில், ஈப்போ பட்டறையில் ஒரு தோட்டத்துத் தமிழன் வெல்டிங் வேலையில் உட்கார்ந்தான் என்றால் அதென்ன லேசுப்பட்ட காரியமா?

அவன் பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம். அங்கே எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. துரையோ கிராணியோ கங்காணியோ வரும் சத்தம் கேட்டால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழ வேண்டும். தலையில் கட்டிய துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். பாதையில் நடந்தால் ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். சாப்பாட்டில் இருந்தாலும் சோற்றுக் கையோடு எழ வேண்டும். சின்ன வயதில் ஒருமுறை எழ மறந்ததற்கு அப்பாவு கங்காணி அவன் முதுகில் இழுத்த கோடு கடைசிவரை அழியவில்லை. அதற்குப் பிறகு அவன் மறந்தாலும் அவன் கால் மறக்காது.

வளர்ந்த பிறகு, பாலை உறைய வைத்துத் தகடு போடும் ரப்பர் ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலை கிடைத்தது. அங்கே குழாய் பொருத்த ஆ சிங் என்ற சீனன் வந்து ஒரு வருஷம் தங்கினான். கார்பைட் கல்லில் தண்ணீர் விட்டால் கிளம்பும் வாயுவையும் உருளையில் வரும் இன்னொரு வாயுவையும் ஒரு குழல் முனையில் சேர்த்துக் கொளுத்தினால், இரும்பு வெல்லப்பாகு மாதிரி இளகும். உடைந்த இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். ஆ சிங் இதை அன்பாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கள் குடித்துவிட்டு மூட்டை மேல் படுத்துக்கொண்டு, பத்துமலையை ஏவிவிட்டு, ஓட்டை விழுந்தால் செருப்பால் எறிந்தான். அப்படிக் கற்ற வேலை அது.

தோட்டத்தை விட்டுக் கிளம்பியது அந்த வேலைக்காக அல்ல. அவன் மனைவி நல்லம்மாளுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாசம். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் இடத்துக்கு, அவள் பிந்தி வந்தாள். அப்பாவு அவள் பால் வாளியை எட்டி உதைத்துவிட்டுப் பிரம்பை ஓங்கினான். பத்துமலை அந்தப் பிரம்பைப் பிடித்துவிட்டான். அவ்வளவுதான். மொத்தப் பெரட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

"போடா. பட்டணத்துல உனக்கு எவன் சோறு போடுறான்னு பாக்குறேன். வயித்தத் தூக்கிக்கிட்டு அவ முன்னாடி வர, நீ பின்னாடி வந்து என் கால்ல விழுவ" என்றான் அப்பாவு.

நல்லம்மாளின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சிலிபினில் மாடு வைத்திருந்தார். மாட்டுக் கொட்டகைக்கு ஒட்டினாற்போல ஒரு சார்ப்பு. பிள்ளை பிறக்கும்வரை இருக்கலாம் என்றார், அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். பத்துமலைக்கு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்தில் அப்பாவுவின் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

குளத்தில் மிதந்தபடி ஈயம் தோண்டும் ஈயக் கப்பல்களுக்கு வாளியும் குழாயும் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பெரிய கிராணி அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, அதில் ஒரு தூசி பட்டாலும் பட்டறையே அதிரும்.

"எங்கையிருந்து வாறாய்?"

"சிலிம் ரிவருங்க ஐயா. வெல்டிங் தெரியுங்க."

"தோட்டத்து ஆளோ? அது சீனன் செய்யிற வேலை. இஞ்சை புல்லு வெட்டவும் ஆள் வேண்டாம். போ."

மறுநாளும் போனான். அதற்கு அடுத்த நாளும் போனான். பட்டறையில் இருந்த சீன வெல்டிங்காரன் வேறொரு லம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, ஓடிவிட்டதும், ஈயக் கப்பலின் பெரிய குழாய் ஒன்று வெடித்ததும் ஒரே வாரத்தில் நடந்தன. பட்டறைத் துரை கத்திய கத்தில் அருளம்பலத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேண்டா வெறுப்பாகப் பத்துமலையை உள்ளே விட்டார். பிழை வந்தால் தோலை உரிப்பேன் என்று பின்னாலேயே வந்து நின்றார்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்துமலை உட்கார்ந்தான். கண்ணாடிக்குள் உருகும் இரும்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பாதிக் குழாய் நன்றாகத்தான் ஒட்டியது. அப்போது சிமிண்டுத் தரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை.

பாழாய்ப்போன கால். அது யாரைக் கேட்டது? விசுக்கென்று எழுந்துவிட்டான். இடது கை ஒட்டுக் கம்பியைப் போட்டுவிட்டுத் தலைத்துண்டை உருவியது. வலது கையில் எரிந்த தீ ஒரே இடத்தில் நின்று குழாயில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை போட்டது. சலாம் போடத் திரும்பினான், தீயும் அவனோடு திரும்பி அருளம்பலத்தின் வெள்ளைக் கால்சட்டையைப் பொசுக்கியது.

"மாடு. தோட்டத்து மாடு" என்று அருளம்பலம் அலறினார். துரை ஓட்டையைப் பார்த்தார், ஆளைக்கூடப் பார்க்கவில்லை. கதவைக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் நல்லம்மாள் ஆறுதல் சொல்வாள் என்றா நினைக்கிறீர்கள்? அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"எவன் வந்தா உனக்கென்ன? உன் கையில இருக்கிறது தீ. அந்த லயத்துக்குத் திரும்பிப் போறதுன்னா என்னைப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போவணும், சொல்லிட்டேன்."

"நானா எந்திரிச்சேன்? காலு எந்திரிச்சுருச்சு."

"அப்ப அந்தக் காலுக்குத்தான் புத்தி சொல்லணும்."

அடுத்த வீட்டுச் சீனத்தியிடம் மரச்செருப்பு ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்தாள். பத்துமலையைக் கொட்டகை முன்னால் குத்தவைத்து, கையில் ஒரு விறகுக் குச்சியைக் கொடுத்து, கண்ணைத் துணியால் கட்டினாள். மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி அவன் பின்னால் டக் டக் என்று நடந்தாள். அவன் எழுந்தான். முதுகில் அகப்பைக் காம்பால் ஒரு போடு போட்டாள். மறுபடி நடந்தாள். மறுபடி எழுந்தான். மாடு கறக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "சலாம் போடுடா" என்று அப்பாவு குரலில் கத்தினாள், பாதி எழுந்து உட்கார்ந்தான். கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். அந்தத் திட்டில் பாதி அவனுக்கானதே அல்ல. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் காது பக்கத்தில் வந்து கத்தியபோதும் பத்துமலை குச்சியை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

பட்டறைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஈயக் கப்பல் நின்றது நின்றபடி கிடந்தது. அருளம்பலம் வாசலில் மறித்தபோது, உள்ளே வந்துகொண்டிருந்த துரையின் காரைப் பார்த்துப் பத்துமலை தனக்குத் தெரிந்த மலாயில் கூவினான்.

"துவான், சாயா போலே புவாட்."

முடியும் என்கிறான், முடிந்தால் செய்யட்டும் என்று துரை தலையை அசைத்தார். அவருக்கு வேறு கதி இல்லை, வேறொன்றுமில்லை.

இந்த முறை அருளம்பலத்துக்குக் குழாயைப் பற்றிக் கவலையே இல்லை. பொசுங்கிய கால்சட்டை அவர் நெஞ்சில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பத்துமலை தீயை வைத்ததும் பின்னால் வந்து நின்றார்.

"டேய், துரை வாறார். எழும்படா."

பத்துமலை கம்பியை உருக்கிக்கொண்டே இருந்தான்.

"உனக்குக் காது செவிடோ? எழும்பச் சொன்னனான்."

பூட்ஸ் சத்தம் நிஜமாகவே வந்தது. பக்கத்தில் வந்து நின்றது. தொடை துடித்தது. கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்து எரிந்தது. முதுகில் எங்கே அடி விழும் என்று தோல் காத்திருந்தது. பத்துமலை பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைச் சுற்றிக் கோடு முழுவதையும் முடித்துவிட்டுத்தான் தீயை அணைத்தான்.

குழாயின் ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். கசியவில்லை. துரை பாராட்டவில்லை, சிரிக்கவில்லை. "பேசோக் மாரி" என்றார். நாளைக்கு வா. அருளம்பலம் பெயரை எழுதிக்கொண்டே முணுமுணுத்தார்: "எனக்கும் எழும்பாமல் எத்தனை நாளைக்கு இருப்பாய் எண்டு பார்ப்பம்."

இருந்தான். அந்தப் பகை அருளம்பலம் ஓய்வு பெற்றுப் போகும்வரை தீரவில்லை. அவன் விடுமுறையை வெட்டினார், அவன் வேலையில் குற்றம் தேடினார். தீ கையில் இருக்கும்போது பத்துமலை எவனுக்கும் எழவில்லை. பிறகு தீ இல்லாதபோதும் எழவில்லை.

ஆனால் வேலை கிடைத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. சாயங்காலம் இரண்டு பேரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லம்மாள் என்றைக்கும் இல்லாமல் சிரித்துப் பேசினாள். அப்போது தெருவில் அப்பாவு கங்காணி வந்தான். தன் கணக்கில் ஆள் குறைந்தால் அவனுக்கு வருமானம் குறையும், விசாரித்து விசாரித்து வந்துவிட்டான். கக்கத்தில் அதே பிரம்பு.

பத்துமலை அசையவில்லை. பக்கத்தில் பார்த்தான். நல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கிழங்குக் கையோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

"உக்காருடி" என்றான்.

"முடியலையே" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். அப்பாவு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து நிற்க அங்கே யாரும் இல்லை. காறித் துப்பிவிட்டுப் போனான்.

அவன் தெரு முனை திரும்பியதும் நல்லம்மாள் தன் இரண்டு முழங்காலிலும் மாறி மாறிக் குத்திக்கொண்டாள். "எந்திரிச்சுட்டேனே. அந்த நாயிக்கு எந்திரிச்சுட்டேனே" என்று அழுதாள். பத்துமலை அவள் கையைப் பிடிக்கப் பிடிக்க, குத்திக்கொண்டே இருந்தாள்.