மாடிக்குப் போன வயர்

பிள்ளைகளே, உங்கள் அப்பாவான நான் ஒருவரைத் திருடன் என்று நினைத்த கதை இது. நீங்கள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் நடந்ததால் உங்களுக்கு முழுசாகத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் ஆடி வெள்ளி, வடக்கனந்தலில் நம் வீட்டில் நடந்தது. மாடியில், கல்வராயன் மலையிலிருந்து மகள் படிப்புக்காக இறங்கி வந்த ஒருவர் குடும்பத்தோடு குடியிருந்தார். அந்தப் பெண்ணுக்குக் கல்லூரிக் கலந்தாய்வு என்பதால் நம் இன்டர்நெட்டை அவர்களுக்கும் கொடுத்திருந்தோம். கூடத்தில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், மாடிக்கு ஒரு வயர்.

கொடுத்த நாளிலிருந்தே சந்தேகம் என் மனசை அரித்தது. நெட் கொஞ்சம் மெதுவானாலும் கண் மாடிக்குத்தான் போகும். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மேலே போய் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து நின்றது. பெரியவர் வந்தால் எழுந்திருக்கும் மரியாதை அது. எனக்கு அது திருட்டு முழியாகத் தெரிந்தது.

“போலீசு மாதிரி இன்னா மோப்பம் புடிச்சிக்கினு இருக்கீங்க?” என்று உங்கள் அம்மா சிரித்தாள்.

அந்த வெள்ளியன்று காலை ஒட்டடை அடித்து, பெட்டியருகே கலைந்து கிடந்த வயர்களையும் ஒழுங்குபடுத்தினேன். சிறிது நேரத்தில் நெட் அடியோடு நின்றது. மாடி வயரைப் பிடுங்கிப் போட்டேன். அப்போதும் வரவில்லை. சரி, வயரில்லாமல் இழுக்க பாஸ்வேர்டையும் திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

நான்கு மணிக்கு அவர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார். “ண்ணா, நெட்டு வரல. அஞ்சு மணிக்குள்ள பாப்பா காலேஜ் பேருங்கள போட்டு முடிக்கணுமாம். இல்லன்னா சீட்டு போயிடுமாம்.”

“நாளெல்லாம் படம் எறக்கிக்கினே இருந்தா எங்கேருந்து வரும்?” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பெட்டிக்கு முன் குந்தினார். “மலையில ஊத்துலேருந்து ஓஸ் பைப்பு போட்டுத்தான் வூட்டுக்குத் தண்ணி கொண்டாருவோம். தண்ணி நின்னா ஓஸ் கூடவே நடப்போம்ணா” என்று சொல்லி, ஒரு வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது அலமாரிக்குப் பின்னால் போய், சுற்றிக்கொண்டு, அதே பெட்டிக்குத் திரும்பி வந்தது.

“ரெண்டு மொனையும் இதுலயே சொருகிக் கெடக்குது, பாருங்க. போனது திரும்பி இதுக்குள்ளயே வந்து சுத்துது.”

நீங்கள் முன்பு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டருக்குப் போட்டு, எடுக்காமல் விட்ட வயர் அது. தொங்கிய முனையை, சும்மா கிடக்கிறதே என்று காலையில் காலித் துளையில் செருகியவன் நான்தான். அவர் அதை உருவினார். பிறகு, நான் பிடுங்கிப் போட்ட மாடி வயரைப் பார்த்தார்.

“இதுவும் தானா கழண்டுக்கிச்சு போல” என்று மெதுவாகச் சொல்லி, மாட்டினார்.

மேலிருந்து “அப்பா, வந்துடுச்சு!” என்று குரல் கேட்டது. அஞ்சுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிந்து முடித்தது அந்தப் பெண். சீட்டும் கிடைத்தது.

இன்றும் யார் மேலாவது சந்தேகம் எழுந்தால், அதில் என் கை எங்கே பட்டது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்று அவர் மாடியேறியதும், தனியாக உட்கார்ந்து என் போனை எடுத்தேன். ‘மலைக்காரன்’ என்று பதிந்து வைத்திருந்த எண்ணைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, அவருடைய பெயரை எழுதினேன்.