வெள்ளை டப்பாவில் இரண்டு குழி

போன வருடம் தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. என் மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போயிருந்தோம். 'பேசி முடிக்க' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! பேசுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, வாய் நன்றாகவே இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழ வேண்டுமே, அதில்தான் சிக்கல்.

கடலூரில் மாவு மிஷின் வைத்திருக்கிறேன். அரிசி, கேழ்வரகு, மிளகாய் என்று காலையில் ஓட ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓடும். அந்தச் சத்தத்திலேயே பாதி ஆயுள் போய்விட்டது. முதலில் கொசுவின் ரீங்காரம் கேட்காமல் போனது, சந்தோஷப்பட்டேன். பிறகு குக்கர் விசில் போனது. அதற்குப் பிறகு மனைவி கூப்பிடுவது கேட்காமல் போனது. அதற்கும் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் இதைப் படிப்பாள்.

காதுக்குக் கருவி மாட்டிக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் அசையவில்லை. எங்கள் தெருவில் எனக்குப் பெயரே 'மிஷின்காரர்'தான். மாவு மிஷினால் வந்த பெயர், மரியாதையான பெயர். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு போனால் அதே பெயருக்கு வேறு அர்த்தம் வந்துவிடும் என்று பயம். 'காது மிஷின்' என்று யாராவது சொன்னாலே எனக்கு உடம்பு கூசும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன்தான் குறுக்கு வழி கண்டுபிடித்தான். இளவட்டங்கள் பாட்டு கேட்க மாட்டிக்கொள்கிறார்களே, ஒயர் இல்லாத இயர்பட்ஸ், அதில் ஒரு ஜோடி வாங்கி வந்தான். போனில் எதையோ மாற்றிவிட்டால், எதிரில் பேசுபவரின் குரலை அது பெரிதாக்கிக் காதுக்குள் கொடுக்கும். பார்ப்பவர்களுக்கு நான் பாட்டு கேட்பது போலத்தான் இருக்கும். இந்த வயதில் மிஷின்காரருக்கு வந்த ஸ்டைலைப் பார் என்று மில்லுக்கு வருபவர்கள் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டல் எனக்குத் தேனாக இனித்தது.

அதில் ஒரே ஒரு குறை. சார்ஜ் அரை நாள்கூடத் தாங்காது. அதனுடன் வரும் வெள்ளை டப்பாவில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். டப்பாவின் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு குழி. ஆளுக்கொரு குழியில் படுத்து எழுந்தால்தான் அதுகளுக்கு உயிர் வரும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என் காது விஷயத்தைச் சொல்லவில்லை. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டான். காது என்று வாயைத் திறந்தால் பரம்பரை வியாதியோ என்று நினைப்பார்கள், நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள்வரை யோசிப்பார்கள், பேச்சு முடியட்டும் மாமா என்றான். எனக்கும் அது சரியாகப்பட்டது. மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. அவள் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அடுப்படியில் நின்று ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். இயர்பட்ஸ் மாட்டிய பிறகுதான் அது என் காதில் விழுந்தது. என்னால் அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

அன்று விடியற்காலையே அதை மாட்டிக்கொண்டேன். சிதம்பரம் போய் மாட்டிக்கொண்டால் போதும் என்று மகன் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எனக்குத்தான் கல்யாணப் பேச்சுக்குக் கிளம்பும் வீட்டின் சத்தத்தைக் கேட்காமல் இருக்க மனசு வரவில்லை. தேங்காய் துருவுவது, வளையல் சத்தம், மனைவி மச்சானை விரட்டுவது எல்லாம் கேட்டுக்கொண்டே கிளம்பினேன். மகளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் பூ, பழத்தட்டோடு காரில் போனோம்.

முதலில் நடராஜரைக் கும்பிட்டுவிடுங்கள், நாங்களும் அங்கேயே வருகிறோம், சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். சந்நிதி முன்னால் இருக்கும் கனகசபை மேடையில் ஏறிக் கும்பிட வேண்டுமென்றால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நானும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். சட்டைப்பையில் டப்பா இருந்தது. சாமி கும்பிடும் அவசரத்தில் அந்த நினைப்பு எங்கே வரும்?

தரிசனம் முடிந்து பிராகாரத்துக்கு வந்து சட்டையைப் போடும்போது இடது காதில் 'டிங்' என்று ஒரு சத்தம். சார்ஜ் தீரப்போகிறது என்று அர்த்தம். பையைத் தொட்டேன். காலி.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சிரித்த முகத்தோடு எதிரே வந்தார்கள். வணக்கம் சொன்னேன், நலம் விசாரித்தேன். ஒரு கை மட்டும் பையைத் துழாவிக்கொண்டே இருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று அவர் கேட்க, மச்சான் முந்திக்கொண்டு, பாட்டு கேட்கிற ஹெட்போன் டப்பா விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அவர் சிரித்தார். அது போனால் போகட்டும் சார், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

ஒதுங்கிப் போய் மகனுக்குப் போன் செய்தேன். வேறு டப்பா இதற்குச் சேராது என்றான். போனில் தேடிப் பார்க்க வழி சொன்னான். தேடினேன். நான் நின்ற இடத்தையே அது கச்சிதமாகக் காட்டியது. இயர்பட்ஸைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியுமாம், காலி டப்பாவை முடியாதாம். என் காது என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல ஒரு போன்!

மச்சானும் மனைவியும் வந்த வழியே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். இடது காது அணைந்தது, சற்று நேரத்தில் வலதும் அணைந்தது. அத்தனை பெரிய கோயில் சத்தம் மொத்தமும் பஞ்சுக்குள் போனது போல அடங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பி, வெளியே கையைக் காட்டி என்னவோ கேட்டார். உதட்டைப் பார்த்தேன். 'கா' என்பது மட்டும் தெரிந்தது. கை தெருப்பக்கம் காட்டுகிறது, வாய் 'கா' என்கிறது, காபிக்குக் கூப்பிடுகிறார் என்று முடிவு செய்தேன்.

"அய்யய்யோ, வேணாங்க. எனக்கு அது ஒத்துக்காது" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மனைவி என் கையைக் கிள்ளினாள். அவர் என்ன கேட்டார் என்பதை அவள் பிறகுதான் சொன்னாள். கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா, வெளியூர் சொந்தமெல்லாம் வரத் தோதாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் நான் ஒத்துக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

மச்சான் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்க ஆரம்பித்தான். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய்யைத் தயார் செய்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இந்தப் பொய் இன்றோடு முடியாதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போகிறவள் என் மகள். நான் போகும்போதெல்லாம் எனக்காக அவளும் சமாளிக்க வேண்டும். போதும் என்று தோன்றிவிட்டது.

"சார், எனக்குக் காது கேக்காது. தொலஞ்சது பாட்டுக் கேக்கற டப்பா இல்ல. காது மிஷின் டப்பா. அது இல்லன்னா நீங்க பேசறது எனக்கு எதுவும் வுழாது. மிஷின் சத்தத்துல போன காதுங்க, பரம்பர வியாதி இல்ல."

என் குரல் எனக்கே கேட்காததால், மில்லில் பேசுகிற தொண்டையில் கத்தியிருக்கிறேன். பிராகாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியிடம் என்னவோ சொன்னார். அந்தம்மா என் மனைவியிடம் என்னவோ கேட்டார். என் மனைவியின் கண் கலங்கியது. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் மகளின் வாழ்க்கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மகளின் அடுப்படிப் பாட்டு ஞாபகம் வந்தது.

அதற்குள் சுற்றிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. தூணில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து தான் உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பூ வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் குனிந்து தேடினார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செய்தி போவது, திரும்பும் தலைகளை வைத்தே எனக்குத் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள், வெள்ளையா, எவ்வளவு பெரிசு என்று கையால் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா நேராக என் முன்னால் வந்து நின்றார். என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்லித் தருவது போல, நிறுத்தி நிறுத்தி வாயசைத்தார்.

"வை... கா... சி... சரியா?"

தலையாட்டினேன். சந்தோஷம் என்று அதே மில் தொண்டையில் சொன்னேன்.

அப்புறம்தான் மங்கலம்பேட்டையைச் சேர்ந்த ஓர் அம்மா வந்தார். ஊர்க்காரர்களோடு வேனில் கோயிலுக்கு வந்தவராம். மஞ்சள் பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, இதுவா பாருங்கள் என்று நீட்டினார். என்னுடையதேதான். ஆனால் ஒரு குழி நிறைய விபூதி, இன்னொரு குழி நிறைய குங்குமம்!

படிக்கட்டு ஓரத்தில் கிடந்ததாம். அங்கேயே நின்று பார்த்தாராம், யாரும் தேடி வரவில்லையாம். ஹெட்போன் டப்பா என்று யாரோ கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. தன் கையில் இருப்பது அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பேசியதை மனைவி பிறகு எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"ரெண்டு குழி இருந்துதா, ஒண்ணு விபூதிக்கு, ஒண்ணு குங்குமத்துக்குன்னு நெனச்சிட்டேன். நல்லா டப்புனு மூடிக்குதேன்னு மருமவளுக்கு எடுத்து வச்சேன். காதுக்குள்ளதுன்னு இவுரு சொன்னாட்டிதான் சந்தேகமே வந்துது."

அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து என் மனைவி தன் கைப்பையில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்து, உங்கள் மருமகளுக்குக் கொடுங்கள் என்று அவர் கையில் வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர்கள் வீட்டுக்குப் போனதும் நடந்ததுதான் வேடிக்கை. மாப்பிள்ளையின் அம்மா தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக் குழி இரண்டையும் துடைத்தார். மாப்பிள்ளையின் அப்பா வாயால் ஊதினார். இயர்பட்ஸை உள்ளே வைத்து மூடினோம். குங்குமம் உள்ளே போய்க் கெடுத்திருக்குமோ என்று எனக்குத் திக்கென்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகும் யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. என் காது சார்ஜ் ஏறட்டும் என்று இரண்டு குடும்பமும் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தது.

எடுத்து மாட்டிக்கொண்டேன். அதுவரை என்னை 'சார்' என்று கூப்பிட்ட மாப்பிள்ளையின் அப்பா பேசினார்.

"ஏன் சம்பந்தி, காதுல பஞ்சாவது வச்சிக்கினு மில்லு ஓட்டக் கூடாதா?"

திட்டுத்தான். ஆனால் அந்த 'சம்பந்தி'க்கு மேல் எனக்கு எதுவும் ஏறவில்லை. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகள் இப்போது சிதம்பரத்தில் இருக்கிறாள். நாங்கள் போகும்போது அந்த வீட்டு அடுப்படியிலும் பாட்டு கேட்கிறது. காதில் என்ன என்று மில்லில் யாராவது கேட்டால் காது மிஷின் என்றே சொல்கிறேன். நாலு பேர் அடுத்த நாளே தங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்து காட்டி, எங்கே வாங்கியது என்று கேட்டுப் போனார்கள்.

டப்பாவின் ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கிறது. புது டப்பா வாங்கி அனுப்புகிறேன் என்று மகன் சொல்கிறான், நான் வேண்டாம் என்றுவிட்டேன். பாட்டு கேட்கிற டப்பா என்று சொல்லித் தேடியபோது நாங்கள் மூன்று பேர்தான் தேடினோம். காது மிஷின் டப்பா என்று உண்மையைச் சொன்ன பிறகு ஒரு பிராகாரமே எனக்காகக் குனிந்து தேடியது என்பதை, அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.