சந்தனத் தண்ணீரும் தறிச் சத்தமும்

ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையைத் தயார் செய்வதுதான் வார்டு ஆயா வேலை என்பார்கள். ஆனால் பாதிப் பொழுது பெற்றவர்களைத் தயார் செய்வதிலேயே போய்விடும். ஒரு பிள்ளையையாவது ஊசி போட இழுத்துக்கொண்டு போயிருந்தீர்கள் என்றால், நான் சொல்வது உங்களுக்கே தெரியும்.

திருத்தணியிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் குடும்பமாகிவிட்டார்கள். இப்போது வார்டில் வந்து சேருகிற பிள்ளைகள்தான் எனக்குப் பிள்ளைகள். அதில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டை ஹரிணி கதையை மட்டும் சொல்கிறேன். ஐந்து வயசு. இதயத்தில் ஓட்டை. அப்பா பாபு வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். அம்மா சுமதி.

கடல் எங்கே?

வந்த அன்றைக்கு ஹரிணி ஒவ்வொரு ஜன்னலாக ஏறி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி கண்ணு தேடுற?" என்றேன். கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி பாபு அழைத்துவந்திருக்கிறார். ஆபரேஷன் என்று சொன்னால் பஸ்ஸிலேயே அழுவாளாம். இதுமாதிரி பொருட்காட்சிக்கு, மாமா வீட்டுக்கு என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் எங்கள் வார்டில் நிறைய.

பிள்ளையிடம் பொய் சொன்னால், அப்புறம் நாம் சொல்கிற நிஜத்தையும் நம்பாது. "நீங்களே சொல்லிடுங்க" என்று பாபுவை உட்கார வைத்தேன். அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹரிணிதான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்: "இங்க கடல் இல்ல நைனா. எல்லாரும் ஊசி வெச்சினுகீறாங்க. உன்ன யாரோ ஏமாத்திட்டாங்க."

டாக்டருக்கு ஒரு வேண்டுகோள்

மறுநாள் சுமதி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஓட்டையை எப்படி அடைப்பார்கள் என்று ஹரிணி என்னைக் கேட்டாள். "துணி நெய்யும்போது இழை அறுந்தா உங்க நைனா இன்னா பண்ணுவாரு?" என்றேன். "தறிய நிறுத்துவாரு. அப்பால முடிச்சு போடுவாரு" என்றாள். நான் முடிச்சைத்தான் நினைத்தேன். அவள் நிறுத்துவதைப் பிடித்துக்கொண்டாள்.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "எனக்கும் நிறுத்துவீங்களா?" சுமதியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. பெற்றவர்களிடம் ஆபரேஷனைப் பற்றி முன்பே விளக்கிச் சொன்னதுதான். ஆனால் இதயத்தை நிறுத்துகிற சங்கதியை மட்டும் இரண்டு பேரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, "ஆமாம்மா, கொஞ்ச நேரம் நிறுத்துவோம். அதுவரைக்கும் ஒரு மெஷின் பார்த்துக்கும். தைச்சு முடிச்சதும் திரும்ப ஓட விடுவோம்" என்றார். ஹரிணி யோசித்துத் தலையாட்டினாள்: "தெச்சிட்டு மறக்காம ஓட்டி உட்டுடுங்க."

சாமி மருந்து

ஆபரேஷன் அன்று காலை. வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தண்ணி? இல்லை. பால்? இல்லை. பிஸ்கட்? இல்லவே இல்லை. கவுன் மாட்ட நான் குனிந்தேன். பிள்ளை வாயில் திருத்தணி மலைச் சந்தன வாசனை.

எங்கள் ஊர் முருகர் மார்பில் ஒரு காயத்தழும்பு உண்டு. அதன் மேல் சாற்றிய சந்தனத்தை, உடம்பு முடியாதவர்கள் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது வழக்கம். நானே குடித்திருக்கிறேன். மார்பில் ஆபரேஷன் என்றதும் பாபு மலையேறி அதை வாங்கிவந்து, அந்தக் காலையில் ஒரு டம்ளர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சிஸ்டரிடம் சொன்னேன். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் பிள்ளை என்ன ஆகும்? ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

பாபு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "தண்ணி, பாலு குடுக்காதன்னுதானே சொன்னாங்க? இது சாமி மருந்தாச்சே!" மீதிச் சந்தனத்தை நான் வாங்கி ஒரு துணியில் முடிந்துவைத்தேன். மயக்க மருந்து டாக்டரம்மா திட்டுவார் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அவர் பாபுவின் தோளைத் தட்டி, "முருகர் நாளைக்கு வரைக்கும் காத்திருப்பாருங்க. என் மருந்துக்குத்தான் வெறும் வயிறு வேணும்" என்றார்.

கதவு வரைக்கும்

மறுநாள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனோம். தியேட்டர் கதவு வரைக்கும்தான் பெற்றவர்கள். சுமதி தன் பயத்தைப் பிள்ளை பார்க்கக்கூடாதென்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தழும்பு வருமா ஆயாம்மா?" என்றாள் ஹரிணி. "ஆங், வரும். நம்ம முருகருக்கு இருக்கிற மாதிரியே, மார்புல. அசுரனோட சண்ட போட்டாரில்ல, அப்ப பட்டது" என்றேன்.

கதவு திறந்தது. அழுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு: "அவருக்கு மயக்க ஊசி போட்டாங்களா, இல்ல சும்மாவேவா?"

ஓடுது

காத்திருக்கிற நேரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வார்டில் போர்வை மடித்துக்கொண்டே முருகா முருகா என்றிருந்தேன். வாங்கிவைத்த காபி ஆடை கட்டிப்போயிற்று, பாபு தொடவில்லை. மதியத்துக்கு மேல் பெரிய டாக்டர் வந்தார். பாபு எழுந்தார். அவர் கேட்பதற்குள் டாக்டரே சொன்னார்: "மறக்காம ஓட்டி விட்டுட்டேன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் உட்காரவேண்டும் போலத்தான் இருந்தது, டியூட்டியில் இருந்தேன்.

வீட்டுக்கு

டிஸ்சார்ஜ் அன்று, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முடிந்துவைத்த சந்தனத்தை எடுத்து ஹரிணி நெற்றியில் மட்டும் வைத்துவிட்டேன். பாபு குனிந்து மகள் மார்பில் காதை வைத்துக் கேட்டார்; முன்பெல்லாம் அங்கே இரைச்சலாகக் கேட்குமாம். "இன்னா நைனா, ஓடுதா?" என்றாள். "ஓடுதும்மா, சத்தமே இல்லாம." ஹரிணிக்கு அது திருப்தியில்லை: "சத்தமே இல்லன்னா அது இன்னா தறி?"

அன்றிலிருந்து ஆபரேஷன் காலைகளில், "தண்ணி குடுத்தீங்களா, பால் குடுத்தீங்களா" என்று சிஸ்டர் கேட்டு முடித்ததும், "சாமி எதுனா குடுத்தாரா" என்று நான் ஒரு தரம் கேட்டுவிடுகிறேன்.