கிப்லாவுக்குத் திருப்பிய டிஷ்

அலவத்துகொடையில் எங்கள் வீட்டின் கொங்கிரீட் மேல்தட்டில் இன்னமும் ஒரு டிஷ் நிற்கிறது. எட்டடி அகலம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர் முதல் மின்மானி பார்க்க வருபவர் வரை, "இது என்ன சேர், ரேடாரா?" என்று கேட்காத ஆளில்லை. "ஓ, பிளேன் எறக்குறதுக்கு" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போய்விடுவேன். கழற்றி விற்கச் சொல்பவர்களிடம் அதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன்.

அதைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டேன். கண்டியில் மூடிப்போன ஏதோ ஒரு ஹோட்டலின் கூரையிலிருந்து இறக்கியதாம். சாதாரண டிஷ் ஆயுள் முழுக்க ஒரே செய்மதியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதற்கு மோட்டர் பூட்டிய இரும்புக் கை ஒன்று இருந்தது. டீவிக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் பொத்தானை அமுக்கினால் மேலே அந்தக் கை நீண்டும் சுருங்கியும் டிஷ்ஷைக் கிழக்கும் மேற்குமாகச் சாய்க்கும். வானத்தில் வரிசையாக நிற்கும் செய்மதிகளில் நமக்கு வேண்டியதற்கு நேரே நிறுத்தலாம். நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவன். பார்த்த உடனேயே பைத்தியம் பிடித்து, வாங்கி வந்துவிட்டேன்.

அந்த வருஷம் வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் போவதாக இருந்தது. பெயர் கொடுத்து எல்லாம் சரிவந்த பிறகு, உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அந்த வருஷம் பயணத்தை நினைத்தும் பார்க்க வேண்டாம் என்றார் டொக்டர். அப்படியென்றால் தானும் போகவில்லை என்றார் வாப்பா. உம்மா கட்டிலில் படுத்தபடியே அவரை ஏசித் தீர்த்தார்.

"நீங்க போங்க. எனக்கு டீவியில சரி பாக்கேலும்தானே. மகன் அந்தப் பெரிய சட்டியப் பூட்டித் தருவான்."

ஆக, சட்டி என் தலையில் விழுந்தது. ஹாஜிகள் அத்தனை பேரும் அறபா மைதானத்தில் ஒன்றுகூடும் நாளை நேரடியாகக் காட்டும் அரபு அலைவரிசை ஒன்று, மேற்கே தாழ நிற்கும் ஒரு செய்மதியிலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நாளை உம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும். எனக்கு வேறு எந்த அலைவரிசையும் தேவைப்படவில்லை.

ஜூன் மாதத்தில் டிஷ்ஷைத் தாங்கும் குழாயை மேல்தட்டில் நட்டேன். திரும்புகிற டிஷ்ஷுக்கு அச்சு நேர் வடக்குத் தெற்காக இருக்க வேண்டும். பாடசாலைத் திசைகாட்டியைக் கொண்டுபோய் வைத்தால், மேல்தட்டுக்குள் புதைந்திருந்த கம்பிகளைக் கண்டு அதன் ஊசி பேய் பிடித்ததுபோல் ஆடியது. மேற்கு எதுவென்று தெரியாத முஸ்லிமும் உண்டா என்று நினைத்து அதைப் பெட்டியில் போட்டு மூடினேன். ஐந்து வேளையும் மக்காவை நோக்கித் தொழ நிற்கிறோமே, அந்தக் கிப்லாதான் எங்கள் வீட்டில் மேற்கு. வாப்பாவின் தொழுகைப் பாயை மேல்தட்டில் விரித்து, அதற்குக் குறுக்காக அச்சை வைத்து முடுக்கினேன். அன்று மாலை சூரியனும் பாய் காட்டிய பக்கமாகவே போய் விழுந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

படம் வந்தது. எங்கள் தலைக்கு மேலே நிற்கும் செய்மதிகளிலிருந்து தமிழும் மலையாளமும் பளிச்சென்று வந்தன. மேற்கே சாய்த்தால் மட்டும் வெறும் புள்ளிகள். டீவிக்கு வரும் கம்பியைக் குற்றம் சொன்னேன், மாற்றினேன். டிஷ்ஷின் மூக்கில் அலைகளை வாங்கும் தலையைக் குற்றம் சொன்னேன், அதையும் மாற்றினேன். பிறகு மேற்கே நிற்கும் மலையைக் குற்றம் சொன்னேன். அதை மாற்ற முடியவில்லை.

இதற்கிடையில் பராமரிப்பு வேறு. நேர் மேலே பார்த்து நிற்கும்போது டிஷ் என்பது ஒரு பெரிய பாத்திரம்தான். ஒரு மழைக்கு வாளிக் கணக்கில் தண்ணீரும் பலா இலையும் சேரும். அந்தப் பாரத்தோடு திருப்பினால் மோட்டர் முனகும். அடியில் துளை போட்டேன். மோட்டருக்குப் பொலித்தீன் பையைக் கட்டினேன். மாதம் ஒரு முறை கிறீஸ் பூசினேன். தகட்டு விளிம்பு என் விரல்களை வெட்டாத வாரமில்லை.

நவம்பரில் வாப்பா புறப்பட்டுப் போனார். உம்மா கைத்தடியோடு முன்னறைக் கதிரைவரை நடக்கத் தொடங்கியிருந்தார். நாள் தவறாமல் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே நிற்கும் எனக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பார்.

"வந்தா மகன்?"

"இல்ல உம்மா."

"பரவாயில்ல, எறங்கி வா. மழையில நனையாத."

என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை.

அறபாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மழை விட்ட ஒரு பின்னேரம், மேல்தட்டிலேயே அஸர் தொழ நின்றேன். வெயில் என் இடது கன்னத்தில் சுட்டது. தொழுகைக்கு நடுவில் நினைக்கக் கூடாதுதான். ஆனாலும் நினைத்தேன். ஜூனில் இந்தச் சூரியன் நேர் முன்னால் அல்லவா இறங்கியது?

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூரியன் வருஷத்தில் இரண்டே இரண்டு நாள்தான் நேர் மேற்கில் மறையும். ஜூனில் வடக்குப் பக்கமாகவும் வருஷக் கடைசியில் தெற்குப் பக்கமாகவும் ஒதுங்கிவிடும். இதைப் பிள்ளைகளுக்குப் பலகையில் வரைந்து காட்டி, எழுதாதவர்களை வெளியே நிறுத்தியவன் நான். மக்காவும் எங்களுக்கு நேர் மேற்கில் இல்லை, வடக்கே சாய்ந்து இருக்கிறது. கிப்லா சரி, சூரியன் சரி, வாத்தியார்தான் பிழை. தலைக்கு மேலே பார்க்கும்போது அச்சு எப்படிக் கோணியிருந்தாலும் உச்சி உச்சிதான். தாழச் சாயும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நேர் வடக்கைக் கண்டுபிடிக்க நண்பகல் வெயில் வேண்டும். ஒரு தடியை நட்டு, அதன் நிழல் மிகவும் குட்டையாகும் நேரத்தில் கோடு போட்டால் போதும். மூன்று நாள் வெயிலே இல்லை. அறபாவுக்கு முதல் நாள், லீவு போட்டுவிட்டு வானத்தை ஏசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மேகம் விலகியது. சோக்குக் கட்டியால் கோடு போட்டேன். அச்சு நான் வைத்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. திருகாணிகளைத் தளர்த்தித் திருப்பி, கீழே இறங்கிப் பொத்தானை அமுக்கினேன். மேலே கை கர்ரென்று சுருங்கியது. புள்ளிகள் கலைந்தன. அரபுக் குரலொன்று கேட்டது. உம்மா இரண்டு கைகளையும் ஏந்தி அழுதார். நானும்தான்.

மறுநாள் பின்னேரம் திரை முழுக்க ஹாஜிகளின் வெள்ளை உடுப்பு. மேலே மழை கொட்டியது, படம் அசையவில்லை. நான் டீவியைப் பார்க்காமல் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திடீரென்று கையை நீட்டினார்.

"அந்தா, பச்சைக் குடை! வாப்பா!"

நான் திரும்புவதற்குள் காட்சி மாறிவிட்டது. தோள் சாய்ந்த நடையைக் கொண்டே கண்டுபிடித்ததாக உம்மா சொன்னார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதே கதைதான்.

வாப்பா திரும்பி வந்தபோதும் உம்மா வாசலிலேயே அதைச் சொன்னார். வாப்பா என்னைப் பார்த்தார், பிறகு உம்மாவைப் பார்த்தார், ஸம்ஸம் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, மேல்தட்டில் நான் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தபோது ஏறி வந்தார்.

"அண்டைக்கி எனக்குக் காய்ச்சல். கூடாரத்த விட்டு வெளிய எறங்கவே இல்ல. கையில குடையும் ஈக்கல்ல. ஹஜ்ஜு செஞ்சிட்டு வந்து பொய் பேசவும் ஏலா. என்ன மகன் செய்ற?"

அடுத்த வாரம் கண்டிக்குப் போனவர் ஒரு பச்சைக் குடையோடு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் முன்னறை மூலையில் சாத்தி வைத்தார். உம்மா பார்த்தார். "இதேதான்" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நானும் வாப்பாவும் நினைத்தோம். அதன் பிறகு மழை நாளில் நான் மோட்டரைத் திறந்தால், வாப்பா அந்தக் குடையைக் கொண்டுவந்து எனக்கும் மோட்டருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் வாழ்க்கையில் ஆகச் சந்தோஷமான நேரங்களில் அவையும் உண்டு.

வாப்பா மவுத்தாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அதற்கு முன்பே மோட்டர் இறுகி, டிஷ் மேற்கே பார்த்தபடி நின்றுவிட்டது. இப்போது உம்மா மக்காவைப் போனிலேயே பார்க்கிறார். போன ஹஜ் காலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "பச்சைக் குடை தெரியுதா உம்மா?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

"அண்டைக்கி நான் கண்டது வாப்பா இல்ல மகன்" என்றார்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அவ்வளவு சனத்துல யாரத் தெரியும்? நீ நாளெல்லாம் மழையில நனஞ்சி, கையெல்லாம் வெட்டிக்கிட்டு, என்ட மொகத்தயே பாத்துக்கிட்டு நின்டாய். ஒன்டும் தெரியல்லன்டு செல்ல எனக்கு வாய் வரல்ல."

"அப்ப வாப்பா குடை கொண்டுவந்தப்ப?"

"அவர் மழைக்கிம் குடை பிடிக்காத மனுசன். கண்டதும் சிரிப்பு வந்திச்சி, அடக்கிக்கிட்டேன். அந்தப் பச்சையத் தேடி எத்தின கட ஏறி எறங்கினாரோ, பாவம்."

மோட்டருக்குக் கிறீஸ் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து மேல்தட்டுக்குப் போனேன். அது ஓடாமல் போய் எத்தனையோ வருஷங்கள் என்று உம்மாவுக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை.