எட்டாம் படுக்கையும் ஒன்பதாம் படுக்கையும்

நாசரேத்து வேதநாயகம் வாத்தியாரின் நடு மகள் ஜெபகனி. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அவளுடைய நாத்தனார் மகள் டார்லினும் அங்கேதான் நர்ஸ். அந்தப் பிள்ளைக்குப் படிப்புக்கு மனு எழுதிக் கொடுத்ததும், வேலைக்குச் சொல்லிவிட்டதும் ஜெபகனிதான். இப்போது அதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும்.

ஆண்கள் வார்டின் பொறுப்பு சிஸ்டர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்தது தனக்குத்தான் என்று ஜெபகனி நிம்மதியாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆன்லைன் பயிற்சி ஒன்று வந்தது. நோயாளிக்குத் தப்பு நடந்தாலோ, நடக்க இருந்து தப்பினாலோ அதை எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்று போனிலேயே பத்துப் பாடம், கடைசியில் பரீட்சை. டார்லின் நாலே நாளில் முடித்துத் தொண்ணூற்றாறு வாங்கினாள். ஜெபகனி மூன்று வாரம் இழுத்து எழுபத்தொன்று. மேட்ரன் மார்க்கையெல்லாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, "இதையும் பாத்துத்தான் பொறுப்பு கொடுப்போம்" என்றுவிட்டார்.

"அத்தை, ஏழாவது பாடம் புரியலன்னா நான் சொல்லித் தாரேன்" என்றாள் டார்லின்.

"ஏட்டி, நான் ஊசி போட ஆரம்பிக்கையில நீ மூக்கொழுகிட்டுத் திரிஞ்சவ. சொல்லித் தர வந்துட்டா!"

ஒரு திங்கட்கிழமை கல்லிடைக்குறிச்சியிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள். இருவருக்கும் தாத்தா பெயர்தான், சுடலைமாடன். மூத்தவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. இளையவருக்கு மண்வெட்டி பட்டுக் காலில் புண். துணைக்கு மூத்தவர் மனைவி முத்துராணி ஒருத்திதான்.

"தாயி, ரெண்டு பேரையும் ஒட்டிப் போடுங்க. ஒரு தூக்குவாளிக் கஞ்சிய வச்சுக்கிட்டு நான் எத்தன பக்கம் ஓட?"

ஜெபகனி மனமிரங்கி மூத்தவருக்கு எட்டாம் படுக்கையும் இளையவருக்கு ஒன்பதாம் படுக்கையும் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு டார்லின் இன்சுலின் ஊசியோடு ஒன்பதாம் படுக்கைக்கு வந்தாள். "சுடலைமாடன்தானே?"

"ஆமா தாயி" என்று இளையவர் கையை நீட்டினார்.

புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த ஜெபகனி பார்த்துவிட்டாள். "ஏட்டி, நில்லு! இவருக்குக் கால்லதான் புண்ணு. சர்க்கரை அங்கன, எட்டுல!"

டார்லின் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். ஜெபகனிக்கோ உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. தொண்ணூற்றாறு மார்க்காம்!

கட்டு மாற்றிய கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பயிற்சியில் சொன்ன சம்பவ அறிக்கையைத் திறந்தாள். என்ன நடந்தது என்று கேட்ட இடத்தில் ருசித்து ருசித்து எழுதினாள். யார் செய்தது என்று எழுத இடம் தேடினாள். அப்படி ஒரு கட்டமே இல்லை. அதற்குப் பதில், நடக்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தது. அங்கே விரல் நின்றுவிட்டது. இரண்டு சுடலைமாடனையும் ஒட்டிப் போட்டது யார்? எழுதினால் பொறுப்பு கைவிட்டுப் போகும். எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. டார்லினின் கவனக்குறைவு என்று அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள்.

முத்துராணி வாசலில் வந்து நின்றாள். "தாயி, என் கொழுந்தனக் காப்பாத்திட்டிய. எங்க குடும்பத்துல இன்னும் மூணு சுடலைமாடன் இருக்கானுவ. நோவுன்னா அவனுவளும் இங்கனதான் வருவானுவ."

அவர்களையும் யாராவது இப்படித்தான் ஒட்டிப் போடுவார்கள் என்று ஜெபகனிக்குத் தோன்றியது. பிறகு டார்லின் பெயரை அழித்தாள். ஒரே பெயர்க்காரர்களுக்கு அடுத்தடுத்த படுக்கை கொடுத்தது நான்தான் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேட்ரன், "ஒரே சம்பவத்துக்கு ரெண்டு அறிக்கை வந்திருக்கு" என்றார். ஒன்று டார்லினுடையது. பெயரை நானே சொல்லிக் கேட்டேன், அவரைச் சொல்ல விடவில்லை, ஜெபகனி சிஸ்டர் தடுத்தார் என்று எழுதியிருந்தாள். இனி ஒரே பெயர் என்றால் தள்ளித்தான் படுக்கை. பெயரையும் தகப்பன் பெயரையும் நோயாளியே சொல்ல வேண்டும் என்று முடிவானது. மார்க்கையும் பார்த்து, வார்டுப் பொறுப்பு டார்லினுக்கு என்றும் முடிவானது.

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெபகனியும் தட்டினாள், இரண்டே தட்டு. வெளியே வந்ததும் டார்லினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீ எத்தன மணிக்கு அனுப்புன?"

"எட்டுக்கு, அத்தை. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

ஜெபகனி அனுப்பியது எட்டே முக்காலுக்கு. டவுண் பஸ்ஸில் வீடு போகிற வரைக்கும் ஏழரைக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவே போன அந்த ஒன்றேகால் மணி நேரத்தையே கூட்டிக் கழித்தாள். கட்டு மாற்றியது பத்து நிமிஷம். மிச்சம் முழுதும் ஒரு கேள்விக்கு முன்னால் உட்கார்ந்தே போயிருந்தது. அதிலும் அந்தப் பிள்ளை முந்திவிட்டாளே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.