மாரீஸ்வரி அக்காவின் தறிச் சத்தம்

புதன்கிழமை முற்பகல் மாரீஸ்வரி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் சென்னையில் ஓர் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். அழைப்பைத் துண்டித்துவிட்டு, கைபேசியில் தயாராக இருக்கும் "இப்போது பேச இயலாது" என்ற செய்தியைத் தட்டிவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்தபோது பேசியது அவருடைய தங்கை கனி.

"எங்க அக்கா போயிட்டாக்கா. காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சுன்னாக."

அக்காவுக்கு வயது முப்பத்தொன்று. ஐந்து நாட்களாக மதுரையில் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர். தமக்குக் கீழே வேலை பார்த்த பெண்களுக்கு ரேஷன் கார்டு, உதவித்தொகை, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை என்று எல்லா ஆன்லைன் விண்ணப்பங்களையும் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கொடுப்பார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. இணையத்தின் விதிகளை யார் வகுக்கிறார்கள், அதில் இளைஞர்களின் குரல் எங்கே என்று பேசும் பல நாட்டு இளைஞர் குழுவொன்றில் தமிழ்நாட்டு ஒருங்கிணைப்பாளர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கல்லூரியில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினேன். இணையம் எல்லோருக்கும் சொந்தம் என்று படம் போட்டுக் காட்டி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "எல்லாருக்கும் சொந்தம்னா, ஒரு கோளாறுன்னா யாருகிட்டட்டி போய்ச் சொல்லணும்?"

வகுப்பே சிரித்தது. பாடம் நடத்த வந்தவளை, வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் ஏட்டி என்றுவிட்டதற்காக அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்த ஏட்டி கடைசிவரை போகவில்லை. நான் "நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான்.

அடுத்த மாதமே குழுவில் சேர்ந்துவிட்டார். நேபாளத்திலிருந்து பிமலா, கென்யாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் சிலர். ஆங்கிலம் கேட்டால் அவருக்குப் புரியும்; பேசுவது தமிழில்தான், நான் மொழிபெயர்ப்பேன். முதல் நாள் பிமலா அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். அக்கா ஒரு பேண்டேஜ் சுருளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, "ஒங்க ஊர்ல அடிபட்டாலும் கட்டுறது எங்க ஊருத் துணியாத்தான் இருக்கும், பாத்துக்கோங்க" என்றார். அன்றிலிருந்து பிமலாவுக்கு அவர்மீது தனிப் பிரியம்.

இணைய விதிகளை வகுக்கும் அமைப்புக்கு எங்கள் குழு ஆண்டுதோறும் ஒரு கூட்டறிக்கை எழுதி அனுப்பும். சென்ற ஆண்டு வரைவில், கைபேசி எண்ணையே ஒவ்வொருவரின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா என்னை அழைத்தார்.

"ஒரு போனுக்கு ஒரு ஆளுன்னு எந்த ஊருக் கணக்குட்டி இது? எங்க யூனிட்ல பாதிப் பேரு வீட்ல ஒத்தப் போனுதான். அது புருஷன் சட்டைப் பையில இருக்கு. ஓடிபி அங்க போகுது. அவன் நம்பரச் சொன்னாத்தான் இவ கணக்கத் தொறக்க முடியும். அப்ப அது யாரு கணக்கு?"

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசியும் அந்த வரியில் இருந்த ஓட்டை எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. "இதை நீங்களே பேசுங்கக்கா" என்றேன். அவருக்கென்று மூன்று நிமிடம் ஒதுக்கினேன்.

அந்தக் கூட்டத்தை நடத்தியவள் நான்தான். அறிக்கையைப் பெறப்போகும் அமைப்பின் அதிகாரிகளும் இணைந்திருந்தார்கள். அக்காவின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம்; எங்களுக்குள் கூடும்போது அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. அவர் மைக்கைத் திறந்ததுமே கூட்டம் முழுக்கத் தறிச் சத்தம். யாரோ "இரைச்சல்" என்று எழுதினார்கள். எனக்கு முகம் சுட்டது. பிறந்த மண்ணின் சத்தம் அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. அவரை மியூட் செய்தேன். "அவர் பக்கம் இணைப்பு சரியில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், கையிலிருந்த தாளைப் பார்த்து அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

அன்றைய தலைப்பு, கேட்கப்படாத குரல்களைக் கேட்பது. ஊருக்கு உபதேசம் என்பது என்னைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்ட சொல்.

கூட்டம் முடிந்ததும் அழைத்தார். "ஏட்டி, நான் பேசினது விழுந்துச்சா?"

"உங்க வீட்டு நெட்டு கட்டாயிருச்சுக்கா."

 "சரி, இனிமே வில்லிபுத்தூர்லருந்து பேசுதேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். எட்டு மாதங்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, டவுன் பஸ் ஏறி, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில், தனிக் கண்ணாடி அறை இருக்கும் பிரவுசிங் சென்டரிலிருந்து பேசினார். பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "சத்தம் எதும் வருதாட்டி?" எல்லோரும் வழக்கமாகக் கேட்பதுதானே என்று, "இல்லக்கா, கிளியரா இருக்கு" என்பேன். அலைய வேண்டாம், உங்கள் வீட்டு நெட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல எட்டு மாதங்கள் இருந்தன. சொல்லவில்லை. அறிக்கையோ அவரை மியூட் செய்த அந்தக் கூட்டத்தோடேயே, அந்த வரியோடு போய்விட்டது. அக்கா கேட்டபோது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றேன். "சரிட்டி, அடுத்த வருசம் நானே சொல்லுதேன்" என்றார்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் கனியிடம், "வீட்டு நெட்டு சரியா இருந்திருந்தா அவுக அப்படி அலைஞ்சிருக்க வேண்டாம்" என்றேன். இழவு வீட்டிலும் அந்தப் பொய்யை நான் விடவில்லை.

கனி நிமிர்ந்து பார்த்தாள். "நெட்டுக்கு என்னக்கா கேடு? அதுலதான நான் அம்புட்டும் படிச்சேன்."

பிறகு தன் போனை என்னிடம் நீட்டினாள். முதல் தடவையாக அக்கா வெளிநாட்டுக்காரர்களிடம் எழுதி வைத்துப் பேசுகிறாரே என்று, அந்தக் கூட்டத்தன்று அவள் பக்கத்தில் நின்று எடுத்த வீடியோ. தறிச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. செம்பில் சாய்த்து வைத்திருந்த அவருடைய போன் திரையில் மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. அவர் நிமிர்ந்து அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுக் குனிந்து மீதியையும் வாசித்து முடிக்கிறார்.

வீடியோவில் கனியின் குரல்: "மியூட்டுல போட்டிருக்காகளே, பொறவு எதுக்கு முழுசும் படிச்ச?"

"நிறுத்திட்டு நான் கைய ஆட்டுனா, அவதான் அமுக்குனான்னு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிரும். பாவம், சின்னப் பிள்ள."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எனக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நான் நெட்டின்மேல் பழியைப் போட்டேன். அவர் எட்டு மாதம் அலைந்தது நெட்டுக்காக அல்ல, எனக்கு அவமானமாக இருந்த அந்தத் தறிச் சத்தத்துக்காக. வெட்கத்தில் கனியின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்தேன்.

நேற்று குழுவினர் அவருக்காக இணையத்தில் கூடினோம். நான் செய்ததை எல்லோர் முன்னும் சொன்னேன். பிமலா அழுதார், தன் கேமராவை அணைத்துவிட்டார். அது எனக்குத் தகும். பிறகு கனியிடம் கேட்டு வாங்கிய வீடியோவை ஓட்டி, அவருடைய மூன்று நிமிடத்தையும் வரி வரியாக மொழிபெயர்த்தேன். புதிதாக வந்த ஒருவர், பின்னணி இரைச்சலைக் குறைக்க முடியுமா என்று எழுதினார். முடியாது என்று பதில் எழுதினேன்.

அக்கா, ஒவ்வொரு முறையும் கேட்டீர்களே, சத்தம் எதும் வருதாட்டி என்று. வருதுக்கா. அம்புட்டுப் பேருக்கும் கேக்குது. நீங்க பேசுங்க.