ஆஸ்டின் வீட்டுச் சுவர்

“குடைய எங்க வச்சனான்?” என்று தவமணி தனக்குள் முணுமுணுத்தாள்.

“கதவுக்குப் பின்னால” என்றார் ஆஸ்டின், அடுத்த வீட்டில் சவரம் செய்துகொண்டே. நேற்று அவள் அதை அங்கே சாத்திய சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது.

மாடம்பாக்கத்தைத் தாண்டியுள்ள இலங்கை அகதிகள் முகாமில் வரிசை வீடுகளுக்கு ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வீட்டுக்கு ஓர் அறை. நடுச்சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதன்மேல் கட்டிய ஒரு டியூப்லைட் இரண்டு குடும்பங்களுக்கும் எரியும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் வரிசையே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும். முகாமுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு மேலே குரல் போகலாம், குழம்புக் கிண்ணம் போகலாம், கண் மட்டும் போகக் கூடாது. ஆஸ்டின் தன் பெயின்ட் ஏணியைக்கூட வெளியேதான் சாத்தி வைப்பார்.

பொழிச்சலூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது அவர் தொழில். அந்த வீடுகளைப் பற்றி அவருக்கு ஒரே குறை. “சுவர் கூரை வரைக்கும் போகுது. கதைச்சா ஒருத்தரும் மறுமொழி சொல்லினமில்லை.”

தவமணியின் மகள் ஓவியாவைப் பெண் பார்க்கக் கங்கையம்மாள் வந்தாள். அவள் மகன் ஹரிபிரசாத்தும் ஓவியாவும் பல்லாவரத்தில் ஒரே கடையில் வேலை. “இண்டைக்கு மட்டும் எங்கயாவது போங்கோ அண்ணை” என்று தவமணி கெஞ்சியிருந்தாள். ஆனால் அன்றுதான் ஆள் கணக்கெடுக்க அதிகாரி வரும் நாள். வீட்டில் இல்லாதவர் பெயர் பதிவிலிருந்தும் போய்விடும். ஆஸ்டின் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கண்ணாலம் ஆனதும் பொண்ணு உங்க ஊருக்குப் போயிடுமா? எம் புள்ளையையும் இட்டுகினு போயிட்டா நான் இன்னா பண்றது?”

“போகமாட்டாள்” என்றாள் தவமணி.

கங்கையம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை. பேச்சை மாற்றினாள். “நல்லா சமைப்பாளா?”

“எல்லாம் வடிவாச் சமைப்பாள்.”

துண்டு எப்போது மடியில் விழுந்தது என்று ஆஸ்டினுக்குத் தெரியவில்லை. “போன கிழமை வச்ச சொதிய பூனையும் குடிக்கேல்ல” என்றது அவர் குரல்.

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரு அது?”

“பக்கத்து வீட்டு அண்ணை.”

“இவ்ளோ நேரமா கேட்டுகினா இருந்தாரு?”

“அவள் பிறந்ததில இருந்து கேக்கிறார்.”

நாற்காலி ஒன்று சுவரை நோக்கி இழுபட்டது. “சார், அவுங்க அம்மா சொல்றத விடுங்க. நீங்க சொல்லுங்க. ஊருக்குப் போயிடுவாளா?”

“எந்த ஊருக்கு அம்மா? அவள் பல்லாவரம் தாண்டினாலே வழி கேப்பாள்.”

கங்கையம்மாள் டம்ளரை எடுத்து டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சரி, மூஞ்சியக் காட்டுங்க. ஆளே தெரியாம எப்டி பத்திரிகை வைக்கிறது?”

“ஏறுங்கோ அண்ணை” என்றாள் தவமணி.

ஆஸ்டின் சட்டையை மாட்டிப் பித்தான்களைப் போட்டார். வெளியே போய் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தி ஏறினார். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் அவர் தலை வந்தது. கும்பிட்ட கைகளும் வந்தன. கண்களை மட்டும் இறுக மூடியிருந்தார்.